பெரிய டைல், நடுவில் ஓட்டை: ஷவர் தரைக்குச் சரிப்படுமா?

கேள்வி: ஷவர் பகுதியைத் திட்டு வைத்துப் பிரிக்காமல், குளியலறை முழுக்க ஒரே தரையாக இருக்கட்டும் என்று 2 அடிக்கு 4 அடி டைல் வாங்கிவிட்டோம். தண்ணீர் போகும் ஓட்டை ஷவரின் நட்டநடுவே இருக்கிறது. "தாராளமாகப் போடலாம்" என்கிறார் கடைக்காரர். "வெட்டாமல் முடியாது" என்கிறார் டைல் போடுபவர். யாரை நம்புவது?

பதில்: டைல் போடுபவரை. கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை, ஓட்டை ஓரத்தில் இருந்திருந்தால்.

ஓட்டை நடுவில் இருக்கும்போது நாலு பக்கத்திலிருந்தும் வாட்டம் அதை நோக்கி இறங்க வேண்டும். இரண்டு சரிவுகள் சேரும் கோட்டின் மேல் முழு டைலை வைத்தால், அது வளையாது. ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும், காலில் இடறும். அந்தக் கோட்டிலேயே குறுக்காக வெட்டிப் போடலாம். ஆனால் இணைப்பே தெரியக் கூடாது என்று வாங்கிய டைலில் நாலு கோடு ஓடும். அதைவிட ஷவருக்குள் மட்டும் 2 அங்குல மொசைக் (சின்னச் சின்ன டைல்) போடுவது மேல் என்பேன். சரிவுக்கு ஏற்றபடி படியும், டைல் இடுக்கை நிரப்பும் கிரவுட் கோடுகள் காலுக்குப் பிடிமானமும் தரும்.

முழு டைல்தான் வேண்டுமா? அப்படியானால் சுவரோரமாக, நடு ஓட்டைக்குப் பதில் ஷவரின் அகலம் முழுக்க வரும் நீள டிரெய்னுக்கு (தண்ணீர் போகும் வாய்க்கு) மாறுங்கள். வாட்டம் ஒரே பக்கம்தான். மீட்டருக்கு 20 மி.மீ. இறக்கம் வேண்டும், ஷவர் ஒன்றரை மீட்டர் நீளமென்றால் 30 மி.மீ. திட்டு இல்லாததால் அந்த அளவுக்கு அடித்தளத்தையே தாழ்த்த வேண்டும். வெளித்தரையின் மட்டம் முடிந்து சரிவு தொடங்கும் கோட்டில் டைல் இணைப்பு வர வேண்டும். ஒரே டைல் அதைத் தாண்டக் கூடாது.

வேலை நடக்கும்போது, ஒட்டிய டைல் ஒன்றை ஈரத்திலேயே நெம்பி எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பின்புறம் 95 சதவீதமாவது பசை படிந்திருக்க வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்திருந்தால் வேலையை நிறுத்துங்கள். உள்ளே தண்ணீர் தங்கி, நாற்றம் வரும்.

அப்புறம், வழுக்கல். பெட்டியில் ஆர்10, ஆர்11 என்று இருப்பது செருப்புக் காலோடு நடத்தும் சோதனை. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வகை உண்டு. ஷவருக்கு பி கேளுங்கள். அது இல்லாத டைல் என்றால், பெட்டியைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு, மாற்றித் தருவார்களா என்று இப்போதே விசாரியுங்கள்.

கேள்வி: டைல் இடுக்கில் எபாக்ஸி (பிசின் வகை) கிரவுட் போட்டால் அடியில் வாட்டர் ப்ரூஃபிங் வேண்டாமாமே?

பதில்: வேண்டும். எபாக்ஸி கறை பிடிக்காது, தண்ணீரையும் அவ்வளவாக உறிஞ்சாது. ஆனால் சுவரும் தரையும் சேரும் மூலையில் ஒரு மயிரிழை விரிசல் விட்டால் போதும், தண்ணீர் இறங்கிவிடும். தடுப்பது அடியில் இருக்கும் பூச்சுதான். திட்டு இல்லாத தரையில் அது ஷவருக்கு வெளியேயும் நீள வேண்டும். பூச்சு காய்ந்ததும் டிரெய்னை அடைத்து, வாசல் பக்கம் தற்காலிகமாக ஒரு வரம்பு கட்டி, 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்க்க வேண்டும். வரம்பு கட்டச் சோம்பல்பட்டு இந்தச் சோதனையையே விட்டுவிடுவார்கள். அன்றைக்கு நீங்கள் கூட இருங்கள்.