‘ஆமே’ என்கிற இரண்டு எழுத்து

கேள்வி: நம் கஞ்சமலை இரும்பில்தான் லண்டன் பாலத்தைக் கட்டினார்களாமே? இப்படி அதிகம் பேருக்குத் தெரியாத சரித்திரத் துணுக்குகளை வாரம் ஒன்றாக எழுதக்கூடாதா?
– வாசகர் ஒருவர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: துணுக்கு இருக்கட்டும். உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்தியது ‘கட்டினார்களாமே’ என்ற சொல்லின் வால்தான். தமிழில் ‘ஆம்’ என்று ஓர் ஒட்டு இருக்கிறது. ‘நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன்’ என்பதை ஒரே எழுத்தசைவில் சொல்லிவிடும் நேர்மையான ஒட்டு அது. ராஜா வந்தாராம், யானை மாலை போட்டதாம் என்று பாட்டி சொல்லும் கதையில் வாக்கியத்துக்கு வாக்கியம் அது வரும். குழந்தைக்குக்கூடத் தெரியும், பாட்டி அங்கே நேரில் இருக்கவில்லை என்று. அதே ‘ஆம்’ தனியாக நின்றால் ‘சரிதான்’ என்று பொருள். கேள்விப்பட்டதற்கும் ஒப்புக்கொண்டதற்கும் நமக்கு ஒரே சொல்! முதல் ஆள் ‘கட்டினார்களாம்’ என்பார். கேட்டவர் மேடையேறும்போது ‘ஆம்’ உதிர்ந்துபோய் ‘கட்டினார்கள்’ ஆகிவிடும். அடுத்த ஆண்டு அது விழா மலரில் அச்சாகும். அப்படி ஒரு மலரைத் திருத்தச் சொல்லி நான் மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. நீங்கள் ‘ஆம்’ விழாமல் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் கூடவே ஓர் ‘ஏ’ சேர்த்து, நான் தலையாட்ட வேண்டும் என்று நெருக்குகிறீர்கள். ஆட்டமாட்டேன்.

1831இல் திறந்த லண்டன் பாலம் கருங்கல் பாலம். அதைப் பிற்பாடு விற்று, கல்லைக் கழற்றி அமெரிக்காவின் அரிசோனாவுக்கே கொண்டுபோய்விட்டார்கள். ஆகவே லண்டனை விட்டுவிடுங்கள். கதையின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. பரங்கிப்பேட்டை இரும்பு வேல்ஸில் இருக்கும் மெனாய், பிரிட்டானியா பாலங்களுக்குப் போயிற்று என்று பழைய ஆங்கில கெசட்டியரில் ஒரு வரி உண்டு. இரண்டும் மெனாய் நீரிணையின்மேல் நிற்பவை. மெனாய் தொங்குபாலம் திறந்தது 1826இல். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் ஜோசையா மார்ஷல் ஹீத் சேலத்து இரும்புக் கல்லை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியது 1830இல். பாலத்தில் வண்டி ஓட ஆரம்பித்து நான்கு வருஷம் கழித்து உலை மூட்டிய இரும்பு அந்தப் பாலத்துக்குள் எப்படிப் போகும்? 1850இல் திறந்த பிரிட்டானியா ரயில் பாலத்துக்குப் போயிருக்க இடமுண்டு. அதுவும் 1970இல் தீப்பற்றி உருக்குலைந்து, இன்று எஃகு வளைவுகளின்மேல் நிற்கிறது.

எனக்குக் கோபம் ஆண்டுக் கணக்கில் இல்லை. கஞ்சமலைக்குப் பெருமை வேண்டுமென்றால் ஏன் வெள்ளைக்காரன் பாலத்தில் போய்த் தேடுகிறோம்? இதே வியாதிதான் ஏற்காட்டிலும். 1820களில் கலெக்டர் டேவிட் காக்பர்ன் காப்பிச் செடி கொண்டுவந்தார், உண்மை. அதற்காக ‘ஏற்காட்டின் தந்தை’ என்று பலகை எழுதுகிறோம். சேர்வராயன் கோயிலின் குகைக்குள் குனிந்து நுழைந்து கும்பிட்டுக்கொண்டிருந்த மலையாளி என்னும் மலைப் பழங்குடி மக்கள், அவர் வரும் வரைக்கும் தந்தையில்லாத பிள்ளைகளாகவா இருந்தார்கள்? இதை நான் எழுதும்போதெல்லாம் இரண்டு பேர் சந்தாவை நிறுத்துகிறார்கள். நிறுத்தட்டும்.

கஞ்சமலையின் உண்மையான அதிசயத்தை அந்த ஹீத்தே எழுதிவைத்திருக்கிறார். சேலத்துக் கொல்லர்கள் குவார்ட்ஸ் என்னும் வெள்ளைக்கல்லோடு கலந்து கிடக்கும் இரும்புக் கல்லை இடித்து, அரித்து, கனமான கரும்பொடியை மட்டும் எடுத்தார்கள். ஆளுயரம்கூட இல்லாத மண் உலை. இரண்டு ஆட்டுத்தோல் துருத்தி, மூங்கில் குழல், கரி. மூன்று நான்கு மணி நேரம் விடாமல் ஊதினால் ஒரு கட்டி இரும்பு. அதை அடித்து நீட்டித் துண்டு போட்டு மண் குகைக்குள் வைப்பார்கள். (குகை என்றால் இங்கே உலோகம் உருக்கும் சிறு மண்பாத்திரம். தட்டார்கள் மூசை என்பதும் இதைத்தான்.) இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு, காய்ந்த ஆவாரங்குச்சியைப் பொடியாக நறுக்கிப் போட்டு, மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை வைத்து, ஈரக் களிமண்ணால் வாயை அப்பி மூடுவார்கள். அப்படி இருபதுக்கு மேற்பட்ட குகைகளை ஓர் உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறிய பின் உடைத்தால் அடியில் எஃகு வில்லை. குச்சியும் இலையும் கரியாகி இரும்பில் ஏறியதால் வந்த எஃகு அது. நம் வேலியோரத்து ஆவாரையும் எருக்கும்! பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற ஆவாரை ஐயா அது!

ஹீத் பிற்பாடு இங்கிலாந்துக்குப் போய், 1839இல் வார்ப்பு எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய ஏஜென்டே முறையைச் சற்று மாற்றிக்கொண்டு காசு கொடுக்க மறுத்தார். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. 1851இல் ஹீத் இறந்துபோனார். 1855இல் பிரபுக்கள் சபை எதிர்த்தரப்புக்கே தீர்ப்பளித்தது. அவருக்காக வருந்துகிறேன். அவருக்காவது வழக்காட ஒரு காகிதம் இருந்தது. ஆவாரங்குச்சியின் அளவைக் கண்டுபிடித்த சேலத்துக் கொல்லர் ஒருவருடைய பெயராவது உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. இது துணுக்கா? இதைத் துணுக்கு என்று கட்டம் கட்டி விளம்பரத்துக்கு அடியில் போட என் கை வராது.

என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஓர் இரும்புக் கிட்டம், அதாவது உலையில் இரும்பு எடுத்தபின் மிஞ்சிய கசடு, வைத்திருக்கிறேன். கஞ்சமலை அடிவாரத்தில் ஒரு சோளக்காட்டு வரப்பில் எடுத்தது. கையகலம்தான், ஆனால் தூக்கினால் கனக்கும். ஒரு பக்கம் கண்ணாடி போல மினுங்கும். மறு பக்கம் தேன்கூடு போல ஓட்டைகள்.

அம்மாப்பேட்டையிலிருந்து கஞ்சமலை அடிவாரத்துச் சித்தர்கோயில் வெகு தூரமில்லை. மழை விட்ட மறுநாள் பஸ் ஏறிப் போங்கள். பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து வாய்க்காலில் இறங்கி வந்து, தண்ணீர் வற்றிய இடத்தில் கோடுகோடாகப் படிந்திருக்கும் கறுப்பு மணலின்மேல் அதை ஒருமுறை இழுங்கள். ஒட்டி வருவதைக் காகிதத்தில் மடித்து எனக்கு அனுப்புங்கள். கூடவே ஒரு கடிதமும் எழுதுங்கள், அதில் ‘ஆமே’ வேண்டாம்.