லெட்வில் மலையில் ஆர்.வி.: சிலிண்டர் பத்துமா என்று கேட்ட தம்பிக்கு

டென்வருக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது, ஜூலையில் ஆர்.வி. (உள்ளேயே தங்கி, சமைத்துக்கொள்ளும் வண்டி) வாடகைக்கு எடுத்து, கொலராடோ மலை ஊரான லெட்வில் பக்கம் குடும்பத்தோடு மூன்று இரவு தங்கப் போகிறோம், அவ்வளவு உயரத்தில் ஃபிரிட்ஜும் ஹீட்டரும் ஓடுமா, கூடுதலாக ஒரு புரொப்பேன் சிலிண்டர் வாங்கி வைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலிண்டர் வேண்டாம் தம்பி. அங்கே பத்தாமல் போவது காற்றுதான்.

லெட்வில் 10,000 அடிக்கு மேலே இருக்கிறது. கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் அங்கே. ரெகுலேட்டர் பாட்டுக்கு காஸை அனுப்பிக்கொண்டே இருக்கும், முழுசாக எரிக்கத்தான் காற்று போதாது. நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாகும், கரி படியும், கார்பன் மோனாக்சைடும் கூடும்.

ஃபிரிட்ஜ் எந்த வகை என்று வண்டி எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். 12 வோல்ட் கம்ப்ரசர் வகை என்றால் உயரத்தைப் பற்றிக் கவலை இல்லை. காஸில் ஓடுகிற வகை என்றால், 5,500 அடிக்கு மேல் குளிர்ச்சி குறையலாம், பர்னர் அணைந்துபோகலாம், கரண்டில் ஓட்டுங்கள் என்று அதன் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். டென்வரே 5,280 அடி! ஊரைத் தாண்டி மேலே ஏறியதுமே அந்தக் கணக்கைக் கடந்துவிடுவீர்கள். காட்டுத்துறை கேம்ப்கிரவுண்டுகளில் பெரும்பாலும் கரண்ட் இருக்காது. அதனால் இந்த முதல் பயணத்துக்கு மின் இணைப்பு உள்ள தனியார் இடமாகப் பாருங்கள்.

ஹீட்டர் விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். லெட்வில் பக்கத்து டர்க்வாய்ஸ் ஏரிக்கரை, செப்டம்பர், ராத்திரி 2 மணி. ஃபேன் சுற்றுகிறது, வருவதோ குளிர்காற்று. காஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வெளியே போய் சிலிண்டரை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. விடிந்து ஜெனரேட்டரை ஓட்டியபிறகு ஹீட்டர் தானாகப் பற்றிக்கொண்டது. காரணத்தைப் பிறகு ஒரு மெக்கானிக்தான் சொன்னார். உள்ளே ஒரு சின்னத் தகடு இருக்கிறது. ஃபேன் தள்ளுகிற காற்று அதை நகர்த்தினால்தான் தீ பற்றும். சாயங்காலம் முழுக்க விளக்கு, டிவி என்று பேட்டரியைக் காலி செய்திருந்தோம். ஃபேன் மெதுவாகச் சுற்ற, காற்றும் மெல்லிசாக இருக்க, தகடு அசையவே இல்லை. இப்போதெல்லாம் இருட்டுவதற்குள் பேட்டரியை நிரப்பிவிடுவேன். ஜூலைதானே என்று இருந்துவிடாதீர்கள், அங்கே இரவில் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது சாதாரணம்.

ஜெனரேட்டரும் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் மூன்றரை சதவீதம் பலம் இழக்கும். லெட்வில்லில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், மைக்ரோவேவை மட்டும் தனியாக ஓட்டுங்கள். சிலவற்றில் உயரத்துக்கு ஏற்பத் திருப்ப ஒரு குமிழ் இருக்கும். மேலே போய்த் திருப்பினால், கீழே இறங்கியதும் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ரெகுலேட்டரை மட்டும் தொடவே தொடாதீர்கள். வாடகை வண்டியில் அது நம் வேலை இல்லை.

அடுப்பு எரியும், ஆனால் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகும் என்று காத்திருந்தால் பொழுது போய்விடும், குக்கரை எடுத்துப் போங்கள். அதிலும் வழக்கத்தைவிட ரெண்டு விசில் கூட விட வேண்டியிருக்கும். சமைக்கும்போது ஜன்னலையும் கூரை வென்டையும் திறந்து வையுங்கள்.

ஹீட்டர் மக்கர் செய்கிறதே என்று அடுப்பைப் பற்றவைத்து மட்டும் குளிர்காயாதீர்கள். மூடிய வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும், வாசனையும் தெரியாது. வண்டியைக் கையில் வாங்கும்போதே அதற்கான அலாரத்தின் பட்டனை அழுத்திப் பாருங்கள். சத்தம் வரவில்லை என்றால், வேறு வண்டி கேளுங்கள்.