சின் இலக்கமும் ஓயாத அழைப்புகளும்

தங்கச்சி, ஸ்காபரோவுக்கு வந்து மூன்று வாரம்தான், தொலைபேசி இலக்கத்தை யாருக்கும் கொடுக்கவில்லை, ஆனாலும் நாளுக்கு ஏழெட்டு விளம்பர அழைப்புகள் வருகின்றன என்று எழுதியிருந்தீர்கள். வீட்டை வாடகைக்குத் தருபவர் சின் (SIN) இலக்கம், அதாவது கனடா அரசாங்கம் தரும் சமூகக் காப்புறுதி இலக்கம், கேட்கிறார், கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலில் சின். கொடுக்க வேண்டாம். வேலை தருபவர், வட்டி தரும் கணக்குத் திறக்கும் வங்கி, வரி, அரசாங்க உதவிகள் ஆகியவற்றுக்குத்தான் அந்த ஒன்பது இலக்கம். வீட்டுக்காரர் கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை; நீங்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. அவர் பார்க்க விரும்புவது கடன் வரலாற்றை, அதாவது வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்களா என்பதை. மூன்று வாரத்தில் உங்களுக்கு என்ன வரலாறு இருக்கப்போகிறது? வேலைக் கடிதத்தையும் வங்கிக் கணக்கையும் காட்டுங்கள்.

அழைப்புகளுக்கு வருகிறேன். உங்கள் தொலைபேசி இலக்கம் பெரும்பாலும் வேறு யாரோ வைத்திருந்து விட்டுப்போனதாக இருக்கும். அவரைத் தேடுகிறவர்கள் உங்களைப் பிடிக்கிறார்கள். ஆனால் 'யாருக்கும் கொடுக்கவில்லை' என்பதை நான் முழுதாக நம்பவில்லை, கோபிக்க வேண்டாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 2009இல் ஒரு புடவைக் கடையில், காசு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பரிசு, கார். அட்டையில் பெயர், முகவரி, தொலைபேசி, வீடு சொந்தமா வாடகையா என்ற கேள்வி. அடியில் எறும்பு போன்ற எழுத்தில், விற்பனைக்காக அழைக்கச் சம்மதம் என்று ஒரு வரி. மனைவி பெயரிலும் சேர்த்து இரண்டு அட்டை போட்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்கடன் முகவர்களும் காப்புறுதிக்காரர்களும் அழகான யாழ்ப்பாணத் தமிழில் நலம் விசாரித்தார்கள். அப்போது நாங்கள் இருந்தது பேஸ்மென்டில். உட்காரக் கதிரைகூடச் சொந்தமில்லை.

கனடாவில் 2008இலிருந்து தேசிய 'அழைக்க வேண்டாம்' பட்டியல் இருக்கிறது. கைத்தொலைபேசியையும் இலவசமாகப் பதியலாம், ஒருமுறை போதும். 31 நாள் பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகும் தொண்டு நிறுவனங்கள், அரசியல் கட்சிகள், சந்தா கேட்கும் பத்திரிகைகள் அழைக்கலாம். கடந்த 18 மாதத்தில் நீங்கள் ஏதாவது வாங்கிய கடையும் அழைக்கலாம். 'இனி அழைக்க வேண்டாம்' என்று அவர்களிடம் நேரே சொல்லிவிடுங்கள், நிறுத்தத்தான் வேண்டும்.

'வரி பாக்கி, பொலிஸ் வருகிறது, கடையில் பரிசு அட்டை (கிஃப்ட் கார்ட்) வாங்கி அதன் இலக்கத்தைச் சொல்' என்று மிரட்டுகிறவன் எந்தப் பட்டியலையும் பார்ப்பதில்லை. வரித் திணைக்களம் பரிசு அட்டையில் பணம் வாங்காது. மறுபேச்சில்லாமல் துண்டியுங்கள்.

கடிதப் பெட்டியை நிரப்பும் விளம்பரத் தாள்களுக்கு வழி சுலபம். 'விளம்பரத் தாள் வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் ஒரு துண்டு எழுதி ஒட்டுங்கள். அடுக்குமாடி என்றால் பெட்டிக்கு உள்ளே, முன் விளிம்பில், தபால்காரர் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். தேர்தல் தாள்கள் அப்போதும் வரும். எங்கள் வீட்டில் பீட்சா விலைக்கழிவுச் சீட்டுகளும் நின்றுபோயின. அதற்காக என் மகன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்.