சேலரி, வேஜஸ், ஃபீ, ஹானரேரியம்: எல்லாமே சம்பளம்தானே?

சேலரி, வேஜஸ், ஃபீ, ஹானரேரியம் என்று எதைச் சொன்னாலும் கடைசியில் கைக்கு வருவது பணம்தானே, இங்கிலீஷில் எதற்கு இத்தனை சொல் என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன் நான். நாள் முழுக்க இந்தச் சொற்களோடுதான் மல்லுக்கட்டு.

அதற்கு முன் ஒரு கல்லூரியில் கேஷ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சிறப்புரைக்கு வந்த ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு 2,000 ரூபாய் வவுச்சர் போட்டேன், பழக்க தோஷத்தில் 'வேஜஸ்' என்று எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட வந்தவர் படித்துவிட்டுப் பேனாவை மூடினார். "ஏன் தம்பி, நான் என்ன சித்தாள் வேலைக்கா வந்தேன்?" அடித்துவிட்டு ஹானரேரியம் என்று எழுதினேன், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அதே 2,000, அதே மனுஷன்.

தொகையை விட, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் என்ன உறவு என்பதைத்தான் இந்தச் சொற்கள் சொல்கின்றன. நாள் கணக்கு, மணிக் கணக்கு என்றால் வேஜஸ். வேலை கூடினாலும் குறைந்தாலும் மாதம் பிறந்தால் வருவது சேலரி. டாக்டரோ வக்கீலோ தன் தொழிலறிவை வைத்து ஒரு காரியம் முடித்துக் கொடுத்தால் ஃபீ. விலை பேசினால் மரியாதையாக இருக்காது என்கிற இடத்தில் ஹானரேரியம். நெய்வேலிக்கு அப்ரண்டிஸாகப் போகிற பையன் வாங்குவது ஸ்டைபண்ட், ஏனென்றால் அவன் இன்னும் கற்றுக்கொள்கிறவன். இது வெறும் மரியாதை விஷயம் மட்டும் இல்லை, தொகை வரம்பைத் தாண்டினால் புரொஃபஷனல் ஃபீ என்று எழுதினதற்குப் பொதுவாக 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்கிற வருமான வரி), தனி ஆளுக்குக் கான்ட்ராக்ட் வேலை என்று எழுதினால் 1 சதவீதம். அப்புறம் ரெம்யூனரேஷன் என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான போர்வை. நம்பர் ஞாபகத்தில் பாதிப் பேர் இதை 'ரெனுமரேஷன்' என்று எழுதுகிறார்கள், ஆனால் உள்ளே இருப்பது கொடை என்று பொருள்படும் லத்தீன் சொல்.

வேர்களைத் தோண்டினால் இன்னும் வேடிக்கை. ரோமப் படைவீரனுக்கு உப்பையே சம்பளமாக அளந்து கொடுத்தார்கள் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அதற்கு நேரடிச் சான்று இல்லை. சேலரி என்ற சொல் லத்தீன் உப்பிலிருந்து வந்தது, அவ்வளவுதான். 'பே' வந்தது சமாதானப்படுத்துவது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து. கடன்காரன் வாசலில் நின்று கத்தும்போது கையில் எதையாவது வைத்து அனுப்புகிறோமே, அதுதான். எனக்குப் பிடித்தது புதுச்சேரிச் சொல். பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு பிரான்ஸ் பென்ஷன் வாங்குகிறவர்களை அங்கே சொல்தா என்பார்கள், என் மாமியார் தெருவிலேயே ஒரு சொல்தா வீடு உண்டு. படைவீரன் என்று பொருள்படும் அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு வேரே பழைய ரோமத் தங்கக்காசுதான், காசு வாங்கிக்கொண்டு சண்டைக்குப் போகிறவன். இங்கிலீஷ் சோல்ஜரும் அதே வேர்.

நம்மிடம் சொல் குறைவு என்று நினைக்க வேண்டாம். இங்கிலீஷில் பெயர்தான் பல, வினைக்கு அநேகமாக எல்லா இடத்திலும் 'பே' ஒன்றை வைத்தே சமாளித்துவிடுகிறார்கள். நாம் ஃபீஸ் கட்டுகிறோம், கூலி கொடுக்கிறோம், கடனை அடைக்கிறோம், மொய் எழுதுகிறோம், காணிக்கை செலுத்துகிறோம், பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிறோம். கூலி அடைத்தேன், கடன் எழுதினேன் என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும்.

துறைமுகத்துப் பக்கம் போனால், படகில் கடலுக்குப் போய் வந்தவரிடம் எவ்வளவு சம்பளம் என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். டீசல், ஐஸ் செலவெல்லாம் போக மிஞ்சுவதில் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்கிறவர்கள் அவர்கள். வலையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "சம்பளம் இல்ல சார், பங்கு."