நாடாளுமன்றம் கலைந்தால் ஊருக்கு டிக்கெட் எப்போது போடுவது?

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வேலை கோலாலம்பூரில், ஓட்டு கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியில். நிஜமாகவே கலைத்துவிட்டால் எனக்கு எத்தனை நாள் இருக்கும்? மகனுக்கு 18 ஆகப்போகிறது, அவனும் ஓட்டுப் போடலாமா? எம்பி ஆபீசில் கொடுத்த மனு என்ன ஆகும்?"

முதலில் டிக்கெட். கலைத்த செய்தி வந்த அன்றே போடாதீர்கள், அன்று தேர்தல் தேதி யாருக்கும் தெரியாது. பிரதமர் டிவியில் வந்து சொல்வதால் அவரே கலைத்தார் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் கேட்கத்தான் முடியும், கலைப்பவர் மலேசிய மாமன்னர். தேதி குறிப்பதோ இந்த இரண்டு பேரும் இல்லை, தேர்தல் ஆணையம். கலைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் தேர்தல், 120 நாளுக்குள் புது நாடாளுமன்றம் கூட வேண்டும், அரசியலமைப்பின் 55-ஆவது பிரிவு சொல்வது அவ்வளவுதான்.

ஆனால் 60 நாள் முழுசாக இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 2008-இல் பிப்ரவரி 13 கலைத்து மார்ச் 8 ஓட்டு, வெறும் 24 நாள். 2013-லும் 2018-லும் 32 நாள். 2022-இல் அக்டோபர் 10 கலைத்து நவம்பர் 19 ஓட்டு, 40 நாள். அந்த முறை ஆணையம் தேதியை அறிவித்தது அக்டோபர் 20-இல்தான், ஆக அறிவிப்புக்குப் பிறகு சரியாக 30 நாள் கிடைத்தது. அந்த அறிவிப்பு வந்த மணி நேரத்திலேயே இடிஎஸ் ரயிலோ பஸ்ஸோ பார்த்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் கிடைக்காது. சனி ஞாயிறாகத்தான் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம், 2018 மே 9 ஒரு புதன்கிழமை.

கேட்டதும் மாமன்னர் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும் என்பதும் இல்லை. 40-ஆவது பிரிவு, கலைக்கக் கேட்டால் மறுக்கும் உரிமையை அவருடைய சொந்த முடிவுக்கே விட்டிருக்கிறது. மற்ற பெரும்பாலான விஷயங்களில் அமைச்சரவை சொல்படி நடக்கிறவருக்கு இது ஒன்று தனி. 2020 பிப்ரவரியில் பிரதமர் மகாதீர் ராஜினாமா செய்தபோது கலைக்கவே இல்லை, மாமன்னர் எம்பிகளை ஒவ்வொருவராக அரண்மனைக்குக் கூப்பிட்டு இரண்டு நாள் பேசி, மார்ச் 1-ஆம் தேதி முகிதீனைப் பிரதமராக்கினார். 2022-இல் ஒப்புதல் கொடுத்தபோதும் அரசியல் நிலவரம் ஏமாற்றம் தருகிறது என்று அரண்மனை வெளிப்படையாகவே சொன்னது. அதனால் வாட்ஸ்அப்பில் "நாளை கலைப்பு" என்று வந்தால் விட்டுத்தள்ளுங்கள். யாருமே கலைக்காவிட்டாலும் முதல் கூட்டம் நடந்து ஐந்து வருடத்தில் தானாகக் கலைந்துவிடும்; 15-ஆவது நாடாளுமன்றம் முதலில் கூடியது 2022 டிசம்பர் 19, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கெடாக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மாமன்னர் கலைப்பது நாடாளுமன்றத்தை மட்டும்தான். மாநிலச் சட்டமன்றத்தைக் கலைக்க மந்திரி பெசார் (மாநில முதல்வர்) கெடா சுல்தானிடம் தனியாகப் போக வேண்டும். 2022-இல் கெடா, பினாங்கு, சிலாங்கூர் உட்பட ஆறு மாநிலங்கள் கூடவே கலைக்கவில்லை, அதனால் நாடாளுமன்றத்துக்கு ஒரு தடவை, 2023 ஆகஸ்ட் 12-இல் சட்டமன்றத்துக்கு இன்னொரு தடவை என்று ஜனங்கள் ஊருக்கு அலைந்தார்கள். உங்களுக்குப் பக்கத்துத் தொகுதி பாடாங் செராய் இன்னும் பாவம்: ஓட்டுக்கு மூன்று நாள் முன்னால் வேட்பாளர் ஒருவர் காலமாகி, வாக்களிப்பு டிசம்பர் 7-க்குத் தள்ளிப்போனது. டிக்கெட் போட்டவர்கள் போட்டதுதான். தேதி மாற்ற முடிகிற டிக்கெட்டாக வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, மகன். இப்போது பதிவு தானாக நடக்கிறது, ஆனால் எந்தத் தேதி வரைக்குமான வாக்காளர் பட்டியல் என்பதில்தான் விஷயம். 2022-இல் அக்டோபர் 9 வரைக்குமான பட்டியலைத்தான் எடுத்தார்கள். அதற்கடுத்த நாள் பிறந்தநாள் வந்த பிள்ளைக்கு, தேர்தல் அன்று 18 முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் ஓட்டு இல்லை. அப்புறம், மைகார்டில் (அடையாள அட்டையில்) என்ன முகவரியோ அதுதான் அவன் தொகுதி. செந்தூல் முகவரி என்றால் நீங்கள் வடக்கே போகும்போது அவன் இங்கேயே ஓட்டுப் போடுவான். உங்கள் பதிவு அப்படித் தானாக மாறாது, மைகார்டில் முகவரியை மாற்றினாலும் ஆணையத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எல்லாவற்றையும் இப்போதே ஆணையத்தின் இணையப் பக்கத்தில் ஐசி எண் போட்டுப் பாருங்கள், கலைத்த பிறகு பார்த்துப் பயனில்லை.

மனு விஷயம். கலைத்த நிமிடமே மக்களவையின் 222 பேரும் எம்பி இல்லை. சேவை மையம் திறந்திருக்கலாம், மூடியும் இருக்கலாம், எப்படியானாலும் "நாடாளுமன்ற உறுப்பினர்" என்று போட்டு ஆதரவுக் கடிதம் தர அவருக்கு இனி பதவி கிடையாது. மேலவை உறுப்பினர்களான செனட்டர்களைக் கலைப்பு தொடாது, அவசரக் கடிதம் வேண்டுமானால் அவர்களைப் பிடியுங்கள். பிரதமரும் அமைச்சர்களும் இடைக்கால அரசாங்கமாக நீடிப்பார்கள், ஆனால் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். பாதியில் நிற்கும் மசோதாக்கள் செத்துப்போகும். 2022 அக்டோபர் 7-இல் தாக்கல் செய்த பட்ஜெட்டே மூன்றே நாளில் காலாவதியாகி, அடுத்த பிப்ரவரியில் புதிதாக ஒன்று வந்தது. உங்கள் மனு எம்பி ஆபீஸ் மேஜையில் மட்டும் கிடக்கிறதா, சம்பந்தப்பட்ட அரசாங்க இலாகாவில் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். சேர்ந்திருந்தால் பயமில்லை, அது அதிகாரிகள் கையில் இருக்கிறது. சேரவில்லை என்றால் நகலையும் அசலையும் திருப்பி வாங்கிக்கொண்டு நீங்களே நேரில் போய்க் கொடுத்து ரசீது எண் வாங்கிவிடுங்கள்.