அடைந்ததா, அடைவித்தார்களா?

கேள்வி: ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தேன். பாதிக்கு மேல் பாழடைந்து கிடக்கிறது. அவ்வளவு பணக்கார நாடு, அதை எடுத்துக் கட்டக் கூடாதா?

பதில்: 'பாழடைந்து' என்ற இடத்திலேயே எனக்குப் பேனா நின்றுவிட்டது. பாழ் என்ன மோட்சமா, தவம் கிடந்து அடைவதற்கு? எங்கள் துணையாசிரியரோடு எனக்கு இருபது வருடமாக இதே சண்டைதான். 'பாலம் இடிந்தது', 'பணம் காணாமல் போனது', 'தவறு நேர்ந்துவிட்டது' என்றே எழுதுவார். செய்த ஆள் எங்கே என்றால், "தோன்றா எழுவாய் சார்" என்பார்.

ஹைடெல்பெர்க்கில் எழுவாய் நன்றாகவே தோன்றுகிறது. பெயர் பதினான்காம் லூயி, பிரான்ஸ் மன்னர். 1685-ல் அந்தக் கோட்டையின் அரசர் வாரிசில்லாமல் இறந்தார். அவர் தங்கை லீசெலோட்டே, லூயியின் தம்பி மனைவி. தம்பி பெண்டாட்டியின் பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு கேட்டுப் படையை அனுப்பினார் லூயி. 1689-ல் தளபதி மெலாக் கோட்டைக்கும் ஊருக்கும் தீ வைத்தார். (பிற்பாடு அந்த வட்டாரத்தில் நாய்களுக்கு மெலாக் என்று பெயர் வைத்தார்கள்.) தன் பெயரைச் சொல்லித் தன் ஊரையே கொளுத்துகிறார்களே என்று அந்தம்மா கடிதம் கடிதமாகப் புலம்பினார். யார் கேட்டார்கள்? 1693-ல் மறுபடியும் வந்து கோபுரங்களுக்கு வெடி வைத்தார்கள். ஒரு கோபுரத்தின் சுவர் 6 மீட்டருக்கு மேல் கனம். அதனால் அது பொடியாகவில்லை. பூசணியில் பத்தை கீறியதுபோல் ஒரு பக்கம் அப்படியே கழன்று அகழியில் சாய்ந்தது. இன்றும் அங்கேதான் கிடக்கிறது. பார்த்திருப்பீர்களே!

உங்கள் இலக்கணம் சரியாக வருவது ஒரே இடத்தில்தான். 1764-ல், திரும்பக் குடிவரலாம் என்று அப்போதைய அரசர் கார்ல் தியோடர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது இடி விழுந்து மிச்சமும் எரிந்தது. இடி மேல் வழக்குப் போட முடியாது, சரி. ஆனால் அப்புறம் அந்தச் சிவப்பு மணற்கல்லைப் பெயர்த்துப்போய்த் தங்கள் வீட்டைக் கட்டிக்கொண்டது உள்ளூர்க்காரர்கள். அதைத் தடுத்து, கோட்டையிலேயே தங்கிக் காவல் காத்தவர் கிரைம்பெர்க் என்ற பிரபு. அவர் பிரெஞ்சுக்காரர்!

எடுத்துக் கட்டவும் செய்தார்கள். 1900-க்குள் ஃபிரீட்ரிஷ் மாளிகை பளபளவென்று ஆகிவிட்டது. அடுத்து ஒட்ஹைன்ரிஷ் மாளிகையையும் கட்டிவிடலாம் என்று கிளம்பினார்கள். 'பாதுகாத்தால் போதும், புதுப்பிக்காதே' என்று 1901-ல் குறுக்கே நின்றார் கலை வரலாற்று அறிஞர் கேயோர்க் டெஹியோ. அவர் கட்சி ஜெயித்ததால்தான் அந்த மாளிகையின் மேல்மாடி ஜன்னல்களில் இன்றைக்கும் வானம் தெரிகிறது. என் ஓட்டு டெஹியோவுக்கு.

கோட்டையைப் பார்த்துவிட்டு வந்த நீங்கள் அங்கிருக்கும் ராட்சத ஒயின் பீப்பாயைப் பற்றி மூச்சு விடவில்லையே? 1751-ல் செய்தது. சுமார் 2,20,000 லிட்டர் பிடிக்கும். மேலே நின்று நடனமாடலாம். குடியானவர்கள் வரியாகக் கொடுத்த நல்ல ஒயின், புளித்த ஒயின் எல்லாம் அதில் ஒன்றாகச் சங்கமம். பக்கத்தில் பெர்கேயோவின் சிலை இருக்கும். அரண்மனை விதூஷகர், குள்ளமான மனிதர். இன்னொரு கோப்பை வேண்டுமா என்றால், "ஏன் கூடாது?" என்று இத்தாலிய மொழியில் கேட்பாராம், அதுவே பெயராகிவிட்டதாம். வாழ்நாள் முழுக்க ஒயினைத் தவிர வேறொன்றும் குடிக்காதவருக்கு ஒருநாள் உடம்பு முடியவில்லை. மருத்துவர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தார். மறுநாள் ஆள் இல்லை. கதைதான், ஆனாலும் தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி என்னை மிரட்டும் டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணீரை நாலு லிட்டராக்கிவிட்டார்.

இந்தப் பதிலைத் தட்டச்சு செய்த துணையாசிரியர் அந்த இடத்தில் 'பெர்கேயோ மரணமடைந்தார்' என்று திருத்தியிருந்தார். டாக்டரைக் காணவில்லை.