தோண்டி முடித்த கரட்டுக்கு பஸ்ஸில் போவது எப்படி? கேள்வி பதில்

முப்பது வருடம் திறந்தவெளிச் சுரங்கங்களில் அளவை வேலை பார்த்தவன் நான். கார் கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. தோண்டி முடித்து மரம் வைத்த இடங்களுக்கு பஸ்ஸில் போய், கால் வலிக்க நடந்து, சாயந்திர பஸ்ஸில் வீடு திரும்புவதுதான் இப்போது வேலை. கேட்டவர்களுக்கு, தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, சேலத்துல வெள்ளை வெளேர்னு ஒரு சுண்ணாம்புக் கரடு தெரியுதுங்களே, அதுக்கு எந்த பஸ்ல ஏறணும்?

முதலில், அது சுண்ணாம்பு இல்லை. வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட். வெள்ளைக்காரனும் பார்த்த மாத்திரத்தில் ஏமாந்து ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டுப் போனான். சேலத்திலிருந்து ஓமலூர் போகிற பஸ்ஸில் வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். மாமாங்கம் தாண்டினால் கண்ணில் படும். ரயிலில் போனால் மேக்னசைட் ஜங்ஷன் என்றே ஒரு நிலையம் வரும்.

நீங்கள் மலை என்று நினைப்பதில் பாதி கழிவு மேடு. கருப்பும் பச்சையுமான டுனைட் பாறைக்குள் வெள்ளைக்கல் நரம்பு நரம்பாக ஓடும். ஒரு டன் கல்லை எடுக்கப் பல டன் பாறையை அள்ளிக் கொட்ட வேண்டும். எடுத்த கல்லைச் சுட்டு, எஃகு உலையின் உள்பக்கம் பதிக்கும் செங்கல் செய்வார்கள். கொட்டிய மேட்டில் மரம் வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. டுனைட் மண்ணில் மக்னீசியம் அதிகம், கால்சியம் குறைவு, போதாக்குறைக்கு நிக்கல் வேறு. பயிருக்குப் பிடிக்காத மண். ஒரு மேட்டில் நிழல் கண்டால் யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சீமைக்கருவேலம் மட்டும் நின்றால் யாரும் மெனக்கெடவில்லை.

ரோட்டில் நின்று பாருங்கள். குத்தகை நிலத்துக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது.

பள்ளிபாளையத்திலிருந்து: குழியில பச்சையாத் தண்ணி நிக்குதே, குளிக்கலாமுங்களா?

கூடாது. சுரங்கக் குழிக்குக் குளத்தைப் போலச் சரிவான கரை கிடையாது. படி படியாக வெட்டியிருப்பார்கள், ஒவ்வொரு படியும் ஆள் உயரத்துக்கு மேல். முழங்கால் தண்ணீர் என்று நினைத்து அடுத்த அடி வைத்தால் கால் எட்டாது. பிடித்து ஏற நினைத்தால் ஓரம் சரியும். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதேதான் கதி.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: கொல்லிமலையிலும் சுரங்கம் இருந்ததா? அங்கே என்ன பார்க்கலாம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நாமக்கல்லில் செம்மேடு பஸ் ஏறுங்கள். காரவள்ளி தாண்டினால் எழுபது கொண்டை ஊசி வளைவு. வயிறு கலங்குகிறவர்கள் முன்பக்கம் இடம் பிடிக்க வேண்டும்.

கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் எடுத்தது பாக்சைட், அலுமினியத்துக்கான மண். போனது மேட்டூர் ஆலைக்கு. லட்சக்கணக்கான வருடம் மழை பெய்து பாறையிலிருந்த சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோய்விட, அலுமினியம் மேலேயே தங்கிவிட்டது. அதனால் பாக்சைட் மலையின் தலையில் தொப்பி மாதிரி சில மீட்டர் கனத்தில்தான் இருக்கும். வெள்ளைக்கல் சுரங்கம் கிணறு என்றால் இது தோல் உரிப்பது. உரித்த இடத்தில் மண்ணை நிரவி மரம் நட்டால் பத்து வருடத்தில் பச்சையாகிவிடும். போகிறவர்கள் காடு என்றுதான் நினைப்பார்கள்.

நடக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். மரங்கள் ஒரே வயதில், கயிறு பிடித்தாற்போல வரிசையில் நிற்கின்றனவா? தரை மேசைபோலச் சமமாக இருந்து திடீரென்று ஒரு முழ உயரத்துக்கு இறங்குகிறதா? காலடியில் செம்புள்ளி போட்ட உருண்டைக் கற்கள் கிடக்கின்றனவா? மூன்றும் இருந்தால் தோண்டிய இடத்தில் நிற்க வாய்ப்புண்டு. முதலாவது மட்டும் என்றால் வெறும் மிளகுத் தோட்டமாக இருக்கலாம். சில்வர் ஓக்கில்தான் அங்கே மிளகுக் கொடி ஏற்றுவார்கள்.

என்னைக் கேட்டால் தோண்டிய இடத்தில் நிற்கும் அந்தப் பச்சை காடு இல்லை, நட்ட தோப்பு. அந்த பாக்சைட் தொப்பி நுண்துளை உள்ளது, மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மரத்தைத் திருப்பி வைக்கலாம், தொப்பியைத் திருப்பி வைக்க முடியாது.

பெங்களூருவிலிருந்து: டிரோன் பறக்க விடலாமா?

என் துறை இல்லை.

ராசிபுரத்திலிருந்து ஒரு பெரியவர்: ஏனுங்க, நானும் சுரங்கத்துல கன்னு நட்டவன்தான். கொடத்துல தண்ணி சொமந்து ஊத்துனோம். அதைப் போய்த் தோப்புன்னு எளக்காரமாச் சொல்றீங்களே?

இளக்காரம் இல்லைங்க. உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாட்டு மரம் ஏன் வைக்கவில்லை என்று கேட்க மாட்டேனா?

அதே பெரியவர்: வெச்சோம். புங்கன் வெச்சோம், நாவல் வெச்சோம். பொழைக்கலை. மேல் மண்ணை ஒதுக்கி வருசக்கணக்காக் குமிச்சு வெச்சிருந்தாங்க. அதைப் பரப்புனா உசுரே இல்லை. சில்வர் ஓக்தான் நின்னுச்சு.

இதைச் சொன்னீர்களே, இதுதான் பாயிண்ட். நீண்ட நாள் குவித்து வைத்த மேல் மண்ணில் விதையும் நுண்ணுயிரும் செத்துவிடும். எடுத்த கையோடு, தோண்டி முடித்த பக்கத்துக் குழியில் பரப்பியிருக்க வேண்டும். தப்பு நட்டவர்கள் மீது இல்லை, குவித்தவர்கள் மீது. நான் இருந்த ஒரு இடத்திலும் இதே கூத்து நடந்தது. அளந்து, குவியலின் கனஅளவை எழுதிக் கொடுத்த ஆள் நான்தான். ‘எப்போது பரப்புவீர்கள்?’ என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

திருச்செங்கோட்டிலிருந்து ஒருவர்: ரெண்டு பேரும் சண்டையை நிறுத்துங்க. சில்வர் ஓக் நிழல்ல மத்த மரம் தானா வராதா?

வரும், பக்கத்தில் சோலை மிச்சமிருந்தால். பறவை எச்சத்தில் விதை வந்து விழும். இல்லையென்றால் ஓக்குக்குக் கீழே உண்ணிச்செடிதான்.

பெரியவர்: எங்க இடத்துல நாவல் வந்திருக்குதுங்க. நேர்ல வந்து பாருங்க.

வருகிறேன். எந்த பஸ் என்று சொல்லுங்கள்.

கரூரிலிருந்து: குழித்தண்ணி ஆழம் கம்மியா இருந்தா?

பள்ளிபாளையத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருப்பூரிலிருந்து: படியூர்ப் பக்கம் நீலக்கல் கெடைக்குமாம். தேடலாமா?

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கடல்நீலக்கல், அதாவது அக்வாமரின் தோண்டினார்கள், உண்மை. இப்போது உங்கள் கையில் சிக்கப்போவது வெங்கச்சாங்கல்தான், அதாவது சாதாரண குவார்ட்ஸ். பாசிமணி ஆசை இருந்தால், பழங்காலத்தில் கல்மணி செய்த ஊரான கொடுமணலின் அகழாய்வைப் பற்றிப் படியுங்கள்.

தாராபுரத்திலிருந்து: காட்டுக்குள்ள நடக்க அனுமதி வேணுங்களா?

காப்புக்காடு என்றால் கட்டாயம் வேண்டும். 2018இல் குரங்கணித் தீக்குப் பிறகு கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட. வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் எந்தெந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பாருங்கள். வெயில் காலத்தில் காட்டுத்தீ பயத்தால் மூடுவார்கள்.

பவானியிலிருந்து: கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

இறங்கும்போதே கண்டக்டரிடம் கேளுங்கள். அவர் சொல்வதற்கு முந்தைய பஸ்ஸைக் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓமலூரிலிருந்து ஒரு டீச்சர்: சுண்ணாம்பா வெள்ளைக்கல்லா என்று பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

ரோட்டோரம் உதிர்ந்த சில்லு போதும். பொடித்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். சுண்ணாம்புக்கல் மெல்ல நுரைக்கும், வெள்ளைக்கல் கம்மென்று இருக்கும்.

குமாரபாளையத்திலிருந்து: சும்மா காலை மட்டும் நனைச்சுக்கலாமா?

டீச்சர், அந்த எலுமிச்சையில் ஒன்றை இவருக்குக் கொடுங்கள். தலையில் தேய்த்துக்கொண்டு வீட்டில் குளிக்கட்டும்.